முதல் ஹார்னுக்குப் பக்கத்து நாற்காலி

1968 ஜனவரி 16, செவ்வாய். ஷெஃபீல்டு

ஹாலில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. எல்லோரும் கோட்டைப் போட்டுக்கொண்டே பிராம்ஸின் சிம்பனி வாசித்தோம். பித்தளை வாத்தியம் சில்லிட்டால் சுருதி இறங்கத்தான் செய்யும். ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் ப்ரையருக்கு அது எங்கே புரிகிறது! பின்வரிசையைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டே இருந்தார்.

இன்னொன்றும் நடந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

வில்பர்ட் ஹெய்க் முப்பது வருஷமாக எங்கள் முதல் ஹார்ன், அதாவது சுருண்ட பித்தளைக் குழல் ஊதும் எங்கள் வரிசைக்குத் தலைவர். பதினைந்து வருஷமாக அவர் பக்கத்து நாற்காலி எனக்கு. என் பதவிக்குத் துணை ஹார்ன் என்று பெயர். எல்லோரும் சேர்ந்து முழங்கும் இடங்களில் அவருக்குப் பதிலாக நான் ஊதுவேன். அவர் உதட்டுக்கு ஓய்வு. தனியாக ஒலிக்கும் அழகான இடம் வந்தால் அவர் ஊதுவார். நான் ஹார்னை மடியில் வைத்துக்கொண்டு கேட்பேன். ஊருக்கு ஊர் உள்ள ஏற்பாடுதான் இது, வருத்தமில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன் அவருக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டு போய்விட்டது. கட்டிய பல் உதட்டோடு ஒத்துப்போகவில்லை. இன்று தனி இடம் வந்தபோது அவர் மேலுதடு நடுங்குவதைப் பார்த்தேன். யோசிக்கவே இல்லை, நான் ஊதிவிட்டேன். அவர் ஹார்னை வாயிலேயே வைத்திருந்தார். ப்ரையர் கண்ணை மூடித் தலையாட்டினார்.

இடைவேளையில் வில்பர்ட் சொன்னது ஒன்றே ஒன்று: “வாடா, டீ வாங்கித் தரேன்.”

பிப்ரவரி 11, ஞாயிறு

நேற்று ஹல் நகரில் கச்சேரி. தனி இடம் மூன்று. மூன்றும் நான்தான். முடிந்ததும் ப்ரையர் கைகாட்டினார், வில்பர்ட் எழுந்து நின்றார், கைதட்டல். மூன்றாம் ஹார்னும் நான்காம் ஹார்னும் தங்கள் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியும். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், எங்கள் வரிசையில் அது வழக்கமில்லை.

என் மனைவி எட்னாவிடம் சொன்னேன். “பாவம், மனைவியும் போயிட்டா அந்த மனுஷனுக்கு. அந்த நாற்காலியை விட்டா வேற என்ன இருக்கு? செய், செய்,” என்றாள். பிறகு, “ஆனா எத்தனை நாளைக்கு?” என்றாள்.



மார்ச் 5, செவ்வாய்

லண்டன் போய் வந்தேன், பாப் பாட்டு ரிக்கார்டிங்குக்காக. ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் கேட்டது வில்பர்ட்டை. அவர்தான் என்னை அனுப்பினார். “என் பேர்லயே போயிட்டு வா. அவனுங்க என் மூஞ்சியைப் பார்த்ததே இல்ல. ரெக்கார்டுல யாரு பேரையும் போடவா போறாங்க?”

வருகைத் தாளில் ‘டபிள்யூ. ஹெய்க்’ என்று ஏற்கெனவே தட்டச்சு செய்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டேன்.

நான்கு இளைஞர்கள். தலைமுடி தோளில் விழுகிறது, நல்ல பிள்ளைகள். பாடுகிறவன் பெயர் டெரன். பாட்டு பாதி வரைதான் தயார். “மிஸ்டர் ஹெய்க், நடுவுல எட்டு பார் தாளத்துக்கு இடம் காலியா கெடக்கு சார். எங்கள்ல யாருக்கும் நோட்டு எழுதத் தெரியாது. நீங்களே ஏதாவது ஊதுங்களேன்,” என்றான்.

என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதே இல்லை. நாற்பத்தொரு வயதுவரை அடுத்தவர் எழுதியதை ஊதியவன், அதிலும் அடுத்தவருக்குப் பதிலாக. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஊதினேன். மேலே ஏறி, தயங்கி, பக்கவாட்டில் இறங்கும் ஒரு மெட்டு. ஊதி முடித்தேன். டெரன் தலையைச் சொறிந்துகொண்டு, “அதையே இன்னொரு தடவை ஊதுவீங்களா?” என்றான்.

ரயிலில் வரும் வழி முழுக்க அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். எதிரே இருந்த அம்மாள் இடம் மாறி உட்கார்ந்தாள்.

மே 20, திங்கள்

ரிக்கார்டு வெளிவந்துவிட்டது. ரேடியோவில் காலையில் இரண்டு முறை. எட்னா ரொட்டி வாட்டுவதை விட்டுவிட்டுக் கேட்டாள். “இது நீதானே!” என்றாள். ரொட்டி கருகிவிட்டது.

ஜூன் 14, வெள்ளி

ரிக்கார்டு விற்பனைப் பட்டியலில் நம்பர் ஒன்!

பால்காரன் என் மெட்டைச் சீட்டியடித்துக்கொண்டு போகிறான். அவனை நிறுத்திச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. என்னவென்று சொல்வது? பைத்தியம் என்பான்.

ஜூன் 27, வியாழன்

யாரோ வருகைத் தாளைப் பார்த்துப் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார்கள். உள்ளூர் மாலைப் பத்திரிகையில் வில்பர்ட்டின் படம், அரைப் பக்கம். ‘பாப் உலகை வென்ற நம் ஊர் ஹார்ன்.’

ஒத்திகையில் எல்லோரும் காலைத் தரையில் தேய்த்துப் பாராட்டினார்கள். கையில் வாத்தியம் இருப்பவர்கள் வேறு எப்படித் தட்டுவது? வில்பர்ட் என்னைப் பார்த்தார். மறுத்துச் சொல்வார் என்று நினைத்தேன். தலைகுனிந்து வணங்கினார்.

பேட்டியை இப்போதுதான் முழுவதும் படித்தேன். “அந்த மெட்டு எனக்கு அங்கேயே, அந்த நிமிஷமே தோன்றியது” என்கிறார்.

அவருக்குத் தோன்றியதாம்!

ஜூன் 28, வெள்ளி

எட்னா நேற்றிலிருந்து கொதித்துக்கொண்டிருக்கிறாள். “இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்கிக்கிறதுன்னா இதுதான். நீ போய்க் கேக்கறியா, இல்ல நான் போகட்டுமா?”

போனேன். அவர் வீட்டில் ஜன்னல்கள் எல்லாம் மூடிக் கிடந்தன. உள்ளே ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். உடைந்தது. திரும்ப ஊதினார். திரும்ப உடைந்தது. கதவைத் தட்டாமல் வந்துவிட்டேன். எட்னாவிடம் அவர் வீட்டில் இல்லை என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கோடை விழா கச்சேரிகள். ஒன்பது நாளில் ஏழு ஊர். ஊருக்கு ஊர் அவரிடம் கையெழுத்து வாங்க வரிசை; ஸ்கூல் பெண்கள்கூட வந்தார்கள், ரிக்கார்டு உறையை நீட்டிக்கொண்டு. போட்டுக் கொடுக்கிறார். சிரிக்கிறார். மேடையில் என் பக்கத்தில் உட்கார்ந்தால் முகம் சுண்ணாம்பாகிவிடுகிறது.

டான்காஸ்டரில் ஒரு பெண் என்னிடம் பேனாவைக் கொடுத்து, “கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா? அவர்கிட்ட பேசணும்,” என்றாள்.

பிடித்துக்கொண்டு நின்றேன்.

செப்டம்பர் 23, திங்கள்

புது சீசன் தொடங்கியது. ப்ரையர் எல்லார் முன்னாலும் அறிவித்தார். டிசம்பர் 19ஆம் தேதி மொசார்ட் கான்செர்ட்டோ. தனி ஹார்ன் வில்பர்ட் ஹெய்க். “ஊரே இவரைக் கேக்குது. டிக்கெட் இப்பவே பறக்குது,” என்றார்.

கான்செர்ட்டோ என்றால் இருபது நிமிஷம் அவர் ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் நிற்க வேண்டும். தனியாக. பக்கத்தில் நாற்காலி கிடையாது.

இவரால் முடியாது என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கால் தேய்க்கும் சத்தத்துக்கு நடுவில் அவர், “ரொம்ப நன்றி,” என்று சொல்வது கேட்டது.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

“எப்படி வாசிப்பீங்க?”

“டிசம்பருக்கு நாள் இருக்குடா.”

“உதடு?”

“வந்துடும்.”

“வரலேன்னா?”

“நீ இருக்கியே,” என்றார். பிறகு, தான் சொன்னது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 30, புதன்

ஒரு வார்த்தை. ப்ரையரிடம் ஒரே வார்த்தை சொன்னால் போதும். ஆனால் எங்கள் வரிசையில் காட்டிக்கொடுத்தவனோடு யாரும் சேர்ந்து ஒரு கோப்பை டீ குடிக்க மாட்டார்கள், ஆயுசுக்கும்.

அதற்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேனா? இல்லை, அவர்மேல் இரக்கமா? உண்மையைச் சொன்னால் இரக்கம் ஜூன் மாதத்தோடு தீர்ந்துவிட்டது. எனக்கு அந்த நாற்காலி வேண்டும். இதை எழுதியாவது பார்ப்போம் என்று எழுதினேன். எனக்கு அந்த நாற்காலி வேண்டும்.

நவம்பர் 14, வியாழன்

ரேடியோ நேரடி ஒலிபரப்பு. அதே பிராம்ஸ்.

தனி இடத்துக்கு நான்கு பார் முன்பு ஹார்னைத் தூக்கினேன். அதுவரை நான் எதுவும் முடிவு செய்திருக்கவில்லை. இதை இங்கேயாவது நம்ப வேண்டும். பக்கத்தில் அவர், புது மெழுகு போட்டதுபோல் சீவிய தலை, பளபள காலணி. ஒலிபரப்புக்கு யார் காலணியைப் பார்க்கப் போகிறார்கள்? அதைப் பார்த்ததும் என்னவோ ஆகிவிட்டது.

ஹார்னை மடியில் இறக்கிவிட்டேன்.

அவர் ஊதினார். முதல் ஸ்வரம் வந்தது. இரண்டாவது உடைந்தது, தகரத்தைக் கிழித்ததுபோல். மூன்றாவது வரவே இல்லை. அப்புறம் நாலு பார், வயலின்கள் மெதுவாகக் கீழே சுற்றிக்கொண்டிருக்க, நடுவில் ஒன்றுமே இல்லை. நாடு முழுக்கக் கேட்டிருக்கும்.

நான் தப்பாக எதுவும் ஊதவில்லை. எந்தச் சட்டப்படியும் நான் குற்றவாளி இல்லை. தனி இடம் முதல் ஹார்னுடையது.

ஐயோ, என்ன செஞ்சுட்டேன். என்ன செஞ்சுட்டேன் நான்.

நவம்பர் 15, வெள்ளி

எட்னா ரேடியோவில் கேட்டிருக்கிறாள். காலையில் கேட்டாள்: “நீ எங்க போனே?”

“பக்கத்துலதான் இருந்தேன்.”

என் தட்டில் முட்டையை வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள், தூறல் போட்டுக்கொண்டிருந்தபோதே.

நவம்பர் 18, திங்கள்

வில்பர்ட் ராஜினாமா. காரணம் உடல்நிலை. முதல் ஹார்ன் எனக்கு, கான்செர்ட்டோவும் எனக்கு. ப்ரையர் கையைக் குலுக்கினார். மூன்றாம் ஹார்னும் நான்காம் ஹார்னும் வாழ்த்துச் சொன்னார்கள், காலணியைப் பார்த்தபடி.

டிசம்பர் 6, வெள்ளி

மாலைப் பத்திரிகையில் வாசகர் கடிதம், அதில் என் பெயர். அப்படியே எழுதிக்கொள்கிறேன்:

‘ஜூன் மாதம் உங்கள் பத்திரிகையில் நான் சொன்னது பொய். அந்த ரிக்கார்டில் ஊதியது நான் அல்ல, ரெஜ் ஓல்ட்ராய்ட். மெட்டும் அவருடையது. இந்த வருஷம் ஜனவரி முதல் கச்சேரிகளில் நீங்கள் என்னுடையதாக நினைத்துக் கைதட்டிய தனி இடங்களும் அவர் வாசித்தவையே. வில்பர்ட் ஹெய்க்.’

பால்காரன் வீட்டுக் கதவைத் தட்டி, “நீங்களா சார் அது? சொல்லவே இல்லையே!” என்று கையைப் பிடித்துக்கொண்டான். ஆறு மாதமாக இதற்குத்தான் ஏங்கினேன். கையை எப்படி விடுவித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

டிசம்பர் 19, வியாழன்

வாசித்தேன். தப்பில்லாமல் வாசித்தேன் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

வில்பர்ட் வந்திருந்தார், டிக்கெட் வாங்கி, ஐந்தாவது வரிசையில். முடிந்ததும் மேடைக்குப் பின்னாலுள்ள நடைபாதைக்கு வந்தார். மேலங்கியைக் கழற்றவில்லை.

“கடைசிப் பகுதியில கொஞ்சம் அவசரப்பட்டுட்டே,” என்றார். “மத்தபடி நல்லா இருந்துச்சு.”

“வில்பர்ட், அன்னைக்கு நான்...”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“பதினஞ்சு வருஷம் உன் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்டா. ஊதறதுக்கு முன்னால நீ மூச்சு இழுக்கற சத்தம் எனக்குக் கேக்காதா? இந்த வருஷம் முழுக்க அதைக் கேட்டுத்தான் என் வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்கும். அன்னைக்கு நீ மூச்சே இழுக்கல.”

“அப்ப... ஊதாம விட்டிருக்கலாமே. உதடு சரியில்லன்னு கையைக் காட்டியிருந்தா நான் உடனே...”

“விட்டிருக்கலாம்,” என்றார். கொஞ்ச நேரம் சுவரில் ஒட்டியிருந்த கிறிஸ்துமஸ் கச்சேரிச் சுவரொட்டியைப் படித்தார். “சரி, நாமளே வாசிப்போம்னு தோணிச்சு. ஜனவரிலேர்ந்து நான் வாசிச்சது அந்த ரெண்டே ஸ்வரம்தான், ரெஜ். மோசமாத்தான் இருந்துச்சு. ஆனா அது என்னுது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடைபாதையில் ஆட்கள் பூங்கொத்தோடு போய்க்கொண்டிருந்தார்கள். “கடிதம் எழுதினீங்களே, அதுக்கு... நீங்க என்னை மன்னிச்சுட்டீங்கன்னு நெனச்சேன்.”

“யாரு சொன்னா?” என்றார், கோபமே இல்லாமல். “மெட்டு உன்னுது, அதைக் குடுத்துட்டேன். அது வேற, இது வேற.”

தொப்பியை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

டிசம்பர் 31, செவ்வாய்

ஆபீசிலிருந்து ஒரு படிவம் வந்து ஒரு வாரமாகிறது. ஜனவரியிலிருந்து எனக்குத் துணை ஹார்னாக யார் வேண்டும், மூன்று பெயரை வரிசைப்படி எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். லீட்ஸில் ஒரு பெண் இருக்கிறாள், நல்ல உதடு, பொறுமைசாலி. ஹடர்ஸ்ஃபீல்டு பேண்டில் ஒருவர். இருவருமே கூப்பிட்டால் ஓடி வருவார்கள்.

இன்று காலை, ‘துணை தேவையில்லை’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

“பைத்தியமா உனக்கு? எல்லாத்தையும் நீயே ஊதினா அஞ்சு வருஷத்துல உதடு போயிடுமே,” என்றாள் எட்னா.

போய்விடும் என்று எனக்கும் தெரியும். உடைந்தாலும் அந்த ஸ்வரம் என்னுடையதாக இருக்கும். தபால் ஏற்கெனவே போய்விட்டது.