காற்றுக்கு வந்த நீர்

9.3.81. திங்கள்.

விடிந்ததிலிருந்து வறண்ட காற்று. கண் எரிச்சல். பசுவுக்கு நான் சோளத்தட்டை போடவில்லை, வீட்டுக்காரி இவள்தான் போட்டாள்.

நேற்று கோயில் பாறைமேல் பஞ்சாயத்து. எல்லைப் புளியமரம் எனக்கா, தம்பி கோவிந்தனுக்கா. என் முறை வந்தபோது காற்று நேரே முகத்தில். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. துடைக்கத் துடைக்கக் கொட்டியது. வாய் திறப்பதற்குள் ஊர்க்கவுண்டர் முடித்துவிட்டார்.

“அண்ணங்காரரே கண்ணுல தண்ணி வுட்டுட்டாரு. மனசு எளகிடிச்சி. இன்னாத்துக்கு இன்னும் இழுக்கணும்? மரம் தம்பிக்கு.”

மூத்தவன் சபையில் அழுதால் விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். எங்கள் ஊர் வழக்கம். எல்லோரும் துண்டை உதறி எழுந்துவிட்டார்கள்.

நான் அழவில்லை. அப்பன் செத்தபோதே அழாதவன்.

10.3. செவ்வாய்.

காற்று நிற்கவில்லை.

போன வருஷம் ஜமுனாமரத்தூரில் கண் முகாம். டாக்டர் மஞ்சள் மருந்து விட்டு, இமைக்காதே என்று சொல்லி, விளக்கடித்துப் பார்த்தார். கண்மேல் நீர்ப்படலம், அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம். எனக்கு எண்ணெய் போதாது. நீர் சீக்கிரம் காய்கிறது, படலம் கிழிகிறது. கண் வறட்சி என்றார். வறட்சி என்றால் நீர் ஏன் கொட்டுகிறது என்றேன். “அதனாலதான்” என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மிச்சக் கணக்கை நானேதான் போட வேண்டியிருந்தது. ஐந்தாவது வரை பள்ளி. அதற்குமேல் சந்தவாசல் கடையில் எடைக்கு வாங்கிய பழைய கணக்குப் பாடப் புத்தகங்கள்.

க – படலத்தின் கனம்
கா – காற்று
ஈ – காற்றில் உள்ள ஈரம்
எ – எண்ணெய்
இ – ஒரு இமைப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி

கா கூடினால் க விரைந்து குறையும். ஈ அல்லது எ கூடினால் மெதுவாக. இமைத்தால் க பழையபடி. இ முடிவதற்குள் க தீர்ந்தால் கிழியும். கிழிந்தால் எரியும். எரிந்தால் உள்ளிருந்து வெள்ளம்.

இதில் தம்பி எங்கே வருகிறான்? மரம் எங்கே வருகிறது? ஒரு எழுத்துக்கூட இல்லை.

மதியம் இரண்டு தட்டில் ஒரே அளவு நீர். ஒன்றில் ஆமணக்கெண்ணெய் பரப்பி முற்றத்தில் வைத்தேன். எண்ணெய் இல்லாத தட்டு முதலில் காய்ந்தது. இவள் பார்த்துவிட்டு, “சாம அரிசி குத்த ஆளில்ல, கண்ணுத் தண்ணிக்குக் கணக்கு போடறாரு” என்றாள். சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

12.3. வியாழன்.

மண்ணெண்ணெய் தீர்ந்தது. ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனேன். சபையைத் திரும்பக் கூட்டுங்கள், மனசில் ஒன்றும் இல்லாமலே கண்ணில் நீர் வரும், உட்கார்ந்து காட்டுகிறேன் என்றேன்.

“அழுது காட்டறேன்றீங்களா பெரியவரே?”

“அழாம காட்டறேன்.”

சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்றார். நீர் வந்தால் போன தீர்ப்பு செல்லாது. வராவிட்டால் மரப்பேச்சை இனி எடுக்கக் கூடாது. சம்மதித்தேன்.

14.3. சனி.

மேகம். காற்று விழுந்துவிட்டது. கீழே சந்தவாசல் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது. உப்பு ஜாடியில் ஈரம்.

கண் சுகமாக இருக்கிறது. பல மாதமாக இப்படி இருந்ததில்லை. இப்படியே இருந்தால் நாளைக்கு நீர் வராது.

ஊர்க்கவுண்டரிடம் ஓடினேன். காற்று திரும்பும்வரை தள்ளிவையுங்கள் என்றேன். “நாள் கேட்டது நீங்கதானே? காத்து கேட்டு நாள் குறிக்க, நெல்லா தூத்தப் போறீங்க?” பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

15.3. ஞாயிறு.

பனிமூட்டம், தூறல். பாறை வழுக்கியது. கோயில் மண்டபத்துக்குள் உட்கார வைத்தார்கள்.

கண்ணைத் திறந்தபடி இருந்தேன். இமைக்காமல், முடிந்தவரை. ஒன்றும் வரவில்லை. திரும்பவும். ஒன்றும் இல்லை.

யாரோ பின்னாலிருந்து: “இன்னிக்கி வரலன்னா, அன்னிக்கி வந்தது நெசந்தான்பா.”

கணக்கு ஒரு இடத்திலும் பிசகவில்லை. ஈ அதிகம், கா இல்லை, படலம் கிழியாது. அதையும் எடுத்துச் சொன்னேன். மழை வலுக்குமுன் வீடு போகிற அவசரம் அவர்களுக்கு.

கோவிந்தன் தூணோரம் தரையைப் பார்த்து நின்றான். சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

16.3.

மழை. எழுத ஒன்றுமில்லை.

18.3. புதன்.

வெயில். மறுபடி காற்று. மூன்று நாள் முந்தியிருந்தால் என்ன?

மாவு அரைக்க எல்லை வழியாகத்தான் போக வேண்டும். கோவிந்தன் மரத்தின்மேல் நின்று உலுக்கிக்கொண்டிருந்தான். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. எதிர்க்காற்று. கண் கொட்டத் தொடங்கியது.

இறங்கி வந்தான்.

“அழாதண்ணா.”

“காத்துடா.”

“செரிண்ணா. காத்துதான்.”

காய்ச்சல்காரனிடம் பேசுகிற குரல். கணக்கை முதலிலிருந்து சொல்லப் பார்த்தேன். கா, ஈ, எண்ணெய். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். கேட்டுவிட்டு, ஒரு கூடைப் பழத்தை இழுத்து என் முன்னால் வைத்தான்.

“வருசா வருசம் பாதி நீ எடுத்துக்கண்ணா. நீ அழுவறத என்னால பாக்க முடியல.”

பாதி மரம். கை நீட்டினால் போதும். நீட்டினால் அழுதேன் என்று ஆகும்.

கூடையைத் தாண்டி நடந்தேன். மாவு அரைக்காமலே திரும்பி, சுற்றுவழியில் வீட்டுக்கு வந்தேன்.

“இன்னாய்யா, அழுதியா?” என்றாள் இவள்.

கதவைச் சாத்தச் சொன்னேன்.