அட்டைப்பெட்டி ஆலையில் ஒன்பது பேர்

சுண்டெலிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, அப்பாவின் இருமலும் விட்டுவிட்டது, நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். ஒன்பது பேரை வேலையை விட்டு நிறுத்தப்போவதாக அறிவித்த வெள்ளிக்கிழமை ஆலைக் கூட்டத்தில் நான் சொல்லாததை முதலில் எழுதிவிடுகிறேன். ஒன்பது பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், எல்லோரும் வாரத்தில் ஐந்து நாளுக்குப் பதில் நான்கு நாள் வரலாம், சம்பளமும் அந்த அளவுக்குக் குறையட்டும். இவ்வளவுதான். மேலாளர், “வேற வழி யாருக்காவது தோணுதா” என்று இரண்டு தடவை கேட்டார். நான் குறிப்பேட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பொருளாதார மந்தம் எங்கிருந்து வருகிறது என்று போனில் கேட்டாயே. வட்டி, எண்ணெய் விலை, வங்கிகள் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்த கடன் என்று நிறையப் படித்திருக்கிறேன், எதுவும் பொய்யில்லை. ஆனால் ஆர்டர் மேசையில் உட்கார்ந்து நான் பார்த்தது வேறு. செருப்புப் பெட்டி ஆர்டர் கொஞ்சம் குறைந்தது, உடனே சாப்பாட்டு அறையில் பயம். ஒட்டும் இயந்திரத்தில் நிற்கும் பசை அக்கா, “இந்த வருஷம் பசங்களுக்குப் புதுச் செருப்பு கிடையாது, பழசு கடிச்சுக் கடிச்சு அதுக்கே அலுத்துப் போச்சு” என்றாள், எல்லோரும் சிரித்தோம், எல்லோரும் அப்படியே செய்தோம், அப்பாவுக்கு வாங்க இருந்ததை நானும் தள்ளிப்போட்டேன். மற்ற ஆலைகளிலும் இதே பேச்சு. இரண்டே மாதத்தில் செருப்புப் பெட்டி ஆர்டர் பாதியானது. ஒவ்வொருவரும் செய்தது புத்திசாலித்தனம்தான், எல்லோரும் ஒரே நேரத்தில் செய்ததுதான் வினை. இப்போது வட்டியைக் குறைத்திருக்கிறார்கள், பயந்து கிடப்பவன் சும்மா கொடுத்தாலும் கடன் வாங்க மாட்டான். இந்த நேரத்தில் அரசாங்கம்தான் சாலை, பள்ளிக்கூடம் என்று செலவு செய்ய வேண்டும், வேலை போனவர் கையில் கொஞ்சம் பணம் கொடுக்க வேண்டும், ஆளைக் குறைக்காமல் நாளைக் குறைக்கும் ஆலைகளுக்குக் கை கொடுக்க வேண்டும். இதையெல்லாம் உனக்கு எழுத முடிகிறது, அங்கே கூட்டத்தில் வாய் வரவில்லை. பத்தொன்பதில் உன்னைப் பெற்றவள், முப்பத்தொன்பதிலும் ஆலையில் உள்ளவர்களுக்கு நான் சின்னப் பெண்தான், ஆனால் அது காரணமில்லை. அந்த ஒன்பது பேர் பட்டியலில் என் பெயர் இல்லை என்று தெரியும், நான்கு நாள் சம்பளத்தில் உன் கடைசி வருடக் கட்டணம் கட்ட முடியாது என்றும் தெரியும். இதை உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே, முடிவு என்னுடையது. பட்டியலில் பெயர் வந்த பசை அக்கா கிளம்பும்போது, “நீயாவது இருக்கியே, அது போதும்டி, பொண்ணப் படிக்க வை” என்று தோளைத் தட்டினாள். அன்றிலிருந்து எவ்வளவு தூங்கினாலும் களைப்பாகவே இருக்கிறது.

கட்டணத்தில் முதல் பாதியைக் கட்டிவிட்டேன், அலுவலகத்தில் ரசீது கேட்டு வாங்கி வை. கண்ணைக் கெடுத்துக்கொண்டு படிக்காதே. நினைத்தபடி படிப்பு முடிந்து நீ நன்றாக இருக்க வேண்டும், அப்பாவின் ஆசியும் சேர்த்து,

உன் அம்மா

பி.கு.: இதை எழுதி மடித்து வைத்துப் பத்து நாளாகிறது. நேற்று செருப்புக் கம்பெனி மீதி ஆர்டரையும் நிறுத்திவிட்டது. திங்கள் முதல் எங்கள் எல்லோருக்கும் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை.