சியாக்காப்பின் செவுளில் இருந்தவை

12.3.1984, திங்கள் இரவு

மனைவியின் திதிப் படையலுக்கு, அவளுக்குப் பிடித்த சியாக்காப் மீனைச் சுங்கை பெசார் சந்தையில் வாங்கினேன். அதன் கண் பளபளத்தது, மீன் பார்த்து வாங்குவதில் நான் பெரிய மேதாவி. வீட்டில் செவுளைத் திறந்தால் அரிசி அளவில் பூச்சிகள், வாலில் இரட்டை நூலோடு.

ஆறாம் படிவத்தில் உயிரியல் படிக்கும் மகள் எட்டிப் பார்த்தாள். "நூலு ரெண்டும் முட்டைப்பா. தலைக்கிட்ட உள்ள கொக்கியால செவுளப் புடிச்சிக்கிட்டு ரத்தம் குடிக்கும். மீனு பாட்டுக்கு நீந்தும் லா."

"வலிக்காதா?"

"வலிச்சா யாருகிட்டப்பா சொல்லும்?"

அவள் அம்மாவும் புற்றுநோய் முற்றும்வரை சிரித்துக்கொண்டேதான் சமைத்தாள்.

செவுளை வீசிவிட்டுக் குழம்பு வைத்துப் படைத்தேன். மகள் தொடவில்லை. "பசிக்கலப்பா" என்று சிரித்தாள். ஒரு மாதமாக இதையேதான் சொல்கிறாள்.

நாளை அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். எனக்குத்தான் உடம்பு சரியில்லை, துணைக்கு வா என்று சொல்லலாம். நடிக்க வராது எனக்கு. ஆனால் இப்போது கை நடுங்குவதைப் பார்த்தால் நம்பிவிடுவாள்.