இன்னிக்குத்தான் நடந்தா

என் மகளின் அப்பாவுக்கு,

கச்சேரிச் சுற்றெல்லாம் முடிந்து வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறீர்களாம். உங்கள் டிரம்ஸ்காரர் சொல்லித்தான் தெரிந்தது. வாருங்கள். கிடாரை மாட்ட ஆணி இருக்கிறது. ரசிகர்கள்தான் இங்கே இல்லை.

பாப்பா முதல் அடி எடுத்து வைத்த அன்று உங்களுக்குப் போன் செய்தேன். "மைக் டெஸ்ட் நடக்குது, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டீர்கள். அன்றே மேடையில், "என் பொண்ணு இன்னிக்குத்தான் முதல் தடவையா நடந்தா" என்று தழுதழுத்துவிட்டு ஒரு தாலாட்டும் பாடினீர்கள். போகட்டும் என்று விட்டேன்.

அடுத்த ஊரிலும் அவள் அன்றைக்குத்தான் நடந்தாள். அதற்கடுத்த ஊரிலும். ரசிகர்கள் போடும் வீடியோக்களை ஒன்றுவிடாமல் பார்த்தேன். ஒன்றரை வருடமாக, அதே பாட்டுக்கு முன்னால், அதே சொல்லில் உங்களுக்குத் தொண்டை அடைக்கிறது. நாக்கு கூசவில்லையா?

போன வாரமும் அவளை நடக்க வைத்துக் கைதட்டல் வாங்கினீர்கள். அன்று அவள் மாடிப்படியில் ஓடி விழுந்து நெற்றியில் மூன்று தையல். அதைச் சொல்லக் கூப்பிட்டபோதும், "மேடை ஏறணும், அப்புறம் பேசுறேன்" என்றுதான் சொன்னீர்கள்.

வெள்ளிக்கிழமை மணியை அடியுங்கள். நான் எழுந்து வர மாட்டேன். அவளே ஓடி வந்து, முக்காலியில் ஏறித் தாழ்ப்பாளைத் திறப்பாள். "யாரு நீங்க?" என்று கேட்பாள். பதிலை இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சொல்கிறேன் என்றால் கதவைச் சாத்திவிடுவாள்.

இப்படிக்கு,
அன்று போன் செய்தவள்