கேக்குக்காகப் போட்ட கையெழுத்து

அன்புள்ள கிர்ஸ்டனுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், வெளியே முழங்கால் அளவு பனி. நீயும் வயிற்றுக் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள், கால் வீக்கம் வற்றியதா, உப்பைக் குறைத்துக்கொள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லையடி, காலையிலிருந்து அலமாரியை இரண்டு தடவை கலைத்து அடுக்கிவிட்டேன். சீஸ் ஆலையில் எங்கள் பிரிவில் வயதான நாலு பேரை மட்டும் வேலையை விட்டு நிறுத்துகிறார்கள் என்று போனில் சொன்னேன் அல்லவா, அதற்கு முதல் வாரம்தான் மேலாளர் என்னிடம், பக்கத்தில் நின்ற டோரீன் காதுபடவே, இங்க இனி இளரத்தம் வேணும் மார்லிஸ் என்று சிரித்தான். போன வெள்ளிக்கிழமை எங்களை வழியனுப்பக் கேக் வைத்தார்கள். அலுவலகப் பெண் ஒரு தாளை நீட்டினாள், ஆறு மாதச் சம்பளம் தருவார்களாம், வயதுக்காக நீக்கினார்கள் என்று பிறகு வழக்குப் போடக் கூடாதாம். யோசிக்க நாற்பத்தைந்து நாள் இருக்கு, வக்கீல்கிட்ட காட்டுங்க என்றும் சொன்னாள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் எல்லாரும் கையில் தட்டோடு எனக்காக நிற்கிறார்கள், நம் ஊரில் அத்தனை பேரைக் காக்க வைத்துவிட்டு எவள் தாள் படிப்பாள்? கையெழுத்துப் போட்டுவிட்டேன். கேக்கையும் நானே வெட்டி, நன்றி வேறு சொன்னேன்.

அன்று சாயங்காலம் தேவாலய மீன் விருந்தில், என்னோடு நீக்கப்பட்ட டோரீன் பிடித்துக்கொண்டாள். ஏண்டி, சவப்பெட்டியில ஏறும்போதும் நீங்க முதல்ல ஏறுங்கன்னு வழிவிடுவியா, நான் போடல, போட்டாலும் ஏழு நாளுக்குள்ள வேணாம்னு எழுதிக் கொடுத்துடலாம், சட்டமே அப்படித்தான்னு வக்கீல் சொன்னாரு என்றாள். ஜெயிப்போம் என்று அவர் உறுதி சொல்லவில்லையாம். அப்பாவோ, கெடைக்கிறத வாங்கிட்டுப் பேசாம இரு என்கிறார். கையெழுத்தைத் திரும்பப் பெற்றால் அந்த ஆறு மாதச் சம்பளமும் போய்விடும், உன் பிரசவத்துக்கு விமானத்தில் வர நினைத்த பணம் அது, அதனால்தான் இத்தனை நாள் குழம்பினேன். ஆனால் வேலை போனதைவிட, அதற்கு நானே கேக் வெட்டினேனே, அதுதான் வயிற்றெரிச்சல்.

நாளையோடு அந்த ஏழு நாள் கெடு முடிகிறது. கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிவிட்டேன், நேரில் கொடுக்கக் கிளம்புகிறேன். வேண்டாம் என்ற மனுஷனே வண்டியைச் சூடாக்கி ஹாரன் அடிக்கிறார், அடிக்கட்டும்.

நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருங்கள். யார் காத்து நின்றாலும் படித்துவிட்டே கையெழுத்துப் போடு. உன் சியாட்டிலுக்கு இனி பஸ்ஸில்தான் வர முடியும், மெதுவாகத்தான் வந்து சேருவேன். ஆயுளில் முதல் தடவையாக ஒருவரைக் காக்க வைக்கப் போகிறேன், குட்டியிடம் சொல்லி வை.

உன் அம்மா,
மார்லிஸ்