ஆமெனைத் திரும்ப வாங்கிய மச்சானுக்கு

கர்த்தருக்குள் இளைப்பாறும் என் மச்சான் சாமுவேலுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டால் சிரிப்பாய். சிரி, பழக்கத்தை நான் விடமாட்டேன். நீ போன பிறகு வந்த முதல் அறுப்பின் பண்டிகை போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

எம்.எல்.ஏ. வந்திருந்தார். ஆமாம், அதே மனிதர்தான். தலை நரைத்துவிட்டது, பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் அவரை முதன்முதலாக நம் கோயிலுக்கு அழைத்து வந்ததே நீதானே. அப்போது நீ கட்சியின் கிளைச் செயலாளர், சபைக் கமிட்டியிலும் இருந்தாய். காணிக்கைப் பொருள்களின் ஏலம் நடந்துகொண்டிருந்தது. அவரும் ஒரு பூசணிக்காயை ஏலத்தில் எடுத்துவிட்டு மைக்கைப் பிடித்தார். புதுப்பட்டினத்துக்கு ஐஸ் ஃபேக்டரி கொண்டுவந்தோம், வீட்டுக்கு ஒருவர் அங்கே வேலைக்குப் போகிறார் என்றார். கெட்டிக்காரர், ஒவ்வொரு வரியையும் ‘ஸ்தோத்திரம்’ என்று முடித்தார். அந்தச் சொல் காதில் விழுந்தால் நம் சனத்துக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளுமே! மொத்தக் கூட்டமும் ‘ஆமென்’ என்றது. நானும் சொன்னேன், நீயும் சொன்னாய்.

அப்புறம் நீ எழுந்து போய் மைக்கைக் கேட்டு வாங்கினாய்.

“ஐஸ் ஃபேக்டரி தொறக்கவே இல்ல. பூட்டு தொங்கிகினு கீது. இப்ப நான் சொன்ன ஆமென நான் திருப்பி வாங்கிக்கிறேன்.”

அவர் பூசணிக்காயைக்கூட எடுக்காமல் காரில் ஏறிவிட்டார். அதை நாம்தான் சாம்பார் வைத்துத் தின்று தீர்த்தோம். உன் கட்சிப் பதவியும் அத்தோடு தீர்ந்தது.

எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமா? தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று வழியெல்லாம் கத்தினேன். “அவரு ஊரு கேக்கச் சொன்னாரு. நான் மட்டும் காதுல போய் சொல்லணுமா?” என்றாய். வீட்டுக்கு ஒரு வேலை என்று நாம் ஒத்துக்கொண்டால், வேலை கிடைக்காதவன் சோம்பேறி ஆகிவிடுவான், அது அவனுக்கு எதிராக நாம் சொல்லும் பொய்ச்சாட்சி என்றாய். அரசியலில் இதெல்லாம் சகஜம்தானே, இவன் ஏன் இப்படி இருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இப்போதைய சங்கதியைக் கேள். நான் சபைச் செயலாளர். இந்த வருஷம் வரவேற்புரை என் தலையில் விழுந்தது. கட்சிக்காரர்களே எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சதுரங்கப்பட்டினத்திலிருந்து புதுப்பட்டினம் வரைக்கும் வேலையில்லாத வீடே கிடையாது என்று அதில் ஒரு வரி. எம்.எல்.ஏ. சொன்னால் மேடைப் பேச்சு. நான் சொன்னால் சபையே சொன்ன மாதிரி. அது தெரிந்துதான் கொடுத்தார்கள். கூடவே, எஸ்தருக்குச் சத்துணவுக் கூடத்தில் ஆயா வேலை பேசியாகிவிட்டது என்றும் சொன்னார்கள்.

உன் பெண்டாட்டி என் தங்கச்சி, மச்சான். நீ போனதிலிருந்து ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிறாள். கைத்தோல் உரிந்து கிடக்கிறது. என்ன செய்யட்டும் என்று அவளையே போய்க் கேட்டேன்.

“எனுக்கு அந்த வேல வோணும் அண்ணா. அத்த மட்டும் மறந்துடாத,” என்றாள். சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

அன்றைக்கு உன் பதவிதான் போனது. எஸ்தரின் சோறு போகும் என்றிருந்தால் அப்போதும் நீ எழுந்து போயிருப்பாயா? இதை உன்னிடம் கேட்காமல் விட்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை மைக் முன்னால் நின்றேன். முதல் வரிசையில் அவர். அவருக்குப் பின்னால் நம் சபைப் பையன்கள், காலையில் பஸ் ஏறிக் கூடுவாஞ்சேரி வரை போய் வேலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்கள். அந்த வரி வந்ததும் வாசிப்பதை நிறுத்தினேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

“நம்ம ஊர்ல வேல இல்லாத வூடு நெறைய கீது. ஐயா அதப் பாக்கணும்னு சபை கேட்டுக்குது. ஸ்தோத்திரம்.”

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஸ்தோத்திரத்துக்கு ஆமென் வராத நம் சபையை அன்றுதான் பார்த்தேன். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு குரல், நன்றாகச் சத்தமாக, “ஆமென்” என்றது.

அது எஸ்தர், மச்சான்.

ஆயா வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது. மறுநாள் அவள் வழக்கம்போல ஓட்டலுக்குக் கிளம்பினாள். என்மேல் கோபமா என்று கேட்டேன். “வேல வோணும்னு சொன்னேன். பொய் சொல்லுன்னு சொன்னேனா?” என்றாள். அழுதுவிட்டேன்.

அவளுக்கு ஒரு நல்ல வேலை தேடித் தருவது இனி என் பொறுப்பு. அதுவரை எங்கள் வீட்டு உலையில் அவளுக்கும் சேர்த்துத்தான் அரிசி. கிடைத்ததும் உனக்கு எழுதுகிறேன். கிடைக்காமலே கிடைத்துவிட்டது என்று எழுதமாட்டேன்.

எஸ்தரை உனக்குக் கட்டிக் கொடுத்த உன் மச்சான்,
தாமஸ்