சட்டைக்காரியும் குடைக்காரியும்

செப்டம்பர் 2, திங்கள்

உரலுக்குள் தலையைக் கொடுத்தாயிற்று. ஹெட்மாஸ்டர் காலையிலேயே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இந்தப் பருவம் எட்டாம் வகுப்புக்குச் செய்யுளும் கம்ப்யூட்டரும் ஒரே பாடவேளை. "பிள்ளைங்க பாட்டுல எதுகை, மோனை கண்டுபிடிக்கட்டும். அதையே கம்ப்யூட்டர்ல டேபிள் போட்டுக் காட்டட்டும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா, டீச்சர்!"

கல் யார் தலையில் விழும் என்று அவருக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் டீச்சர் என் நாத்தனார். என் வீட்டுக்காரர் இறந்த அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. வேறு ஊரில் இருந்தவள், ஜூனில் மாற்றலாகி இங்கேயே வந்து சேர்ந்தாள். உலகத்தில் வேறு பள்ளிக்கூடமே இல்லையா? மாடிப்படியில் எதிரே வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். பேசித்தான் ஆக வேண்டுமென்றால் "டீச்சர்". முன்பெல்லாம் வாய்க்கு வாய் "அண்ணி".

செப்டம்பர் 4, புதன்

முதல் வகுப்பு. அவள் திரைக்கு இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். அடிக்கு ஒரு வரிசை, சீருக்கு ஒரு கட்டம். நாலடிப் பாட்டு என்றால் நான்குக்கு நான்கு. எதுகை வரும் கட்டத்துக்கு மஞ்சள், மோனைக்குப் பச்சை. அடிகளின் முதல் சொல்லில் இரண்டாம் எழுத்து ஒன்றாக வந்தால் அது எதுகை என்று நான் சொல்ல, எந்தப் பட்டனை அழுத்தினால் மஞ்சள் வரும் என்று அவள் சொன்னாள். இடையில் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்பதால் ஒருவனுக்கு வக்கீல் என்று பெயர். எழுந்து நின்றான். "ரெண்டாவது எழுத்துக்கு இவ்ளோ மரியாதைன்னா முதல் எழுத்து என்ன டீச்சர் பாவம் பண்ணுச்சு?" வகுப்பே சிரித்தது. அவளுக்கும் உதடு துடித்தது. என்னைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

செப்டம்பர் 5, வியாழன்

ஒரு ஆளுக்கு மட்டும் சமைக்க இன்னும் கை பழகவில்லை. மிஞ்சியதைக் கொட்டினேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

இதை எங்கேயாவது எழுதி வைக்காவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

கடைசி வாரம் அவர் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். தங்கை போன் செய்தால் மட்டும் எங்கிருந்தோ குரலைக் கூட்டிக்கொள்வார். "எனக்கென்ன குட்டி, கல்லு மாதிரி இருக்கேன்." வைத்ததும் மூச்சு இரைக்கும். அவளுக்கு இப்போதே சொல்லி வரவழைக்கிறேன் என்று நான் போனை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம். குட்டி என்னை இப்படிப் பாக்கக் கூடாது. முடிஞ்சப்புறம் சொல்லு. நான் சொன்னேன்னும் சொல்லாதே."

அப்படியே செய்தேன். முடிந்த பிறகு சொன்னேன். அவள் வந்து வாசலில் விழுந்து கத்தினாள். "ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல அண்ணி? உங்களுக்குப் புருஷன்னா எனக்கு அண்ணன் இல்லையா?" எனக்கு அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை என்று சொன்னேன். ஒன்றும் தோன்றவில்லையாம்! அவள் இடத்தில் இருந்தால் நானே என்னை மன்னித்திருக்க மாட்டேன்.

உண்மையைச் சொன்னால் என் மேல் உள்ள பழி போகும். ஆனால் அண்ணனே தன்னை வர வேண்டாம் என்றான் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். எது பெரிய அடி? என்னை வெறுத்துக்கொண்டாவது அவள் நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். நிம்மதியாக இருக்கிற முகமா அது?

செப்டம்பர் 12, வியாழன்

பிள்ளைகள் சொந்தமாக ஆளுக்கு நாலடி எழுத வேண்டும். எல்லாம் ஒரே கோப்பில், ஒரே நீளமான டேபிளில். "யார் எழுதுனதுன்னு போட ஒரு கட்டம் வச்சிடலாமா, டீச்சர்?" என்று கேட்டாள். வேண்டாம், பெயர் தெரியாமல் திருத்தினால்தான் நியாயம் என்றேன். தோளைக் குலுக்கிக்கொண்டாள்.

நாளைக்குப் பல் டாக்டர். வகுப்பை அவள் ஒருத்தியே பார்த்துக்கொள்வாள். அவளுக்கும் நிம்மதி.

செப்டம்பர் 17, செவ்வாய்

குடி கெட்டது.

திருத்தலாம் என்று கோப்பைத் திறந்தேன். பாட்டுக்களைப் படிப்பதற்கு முன் ஒத்த எதுகைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் என்ன என்று ஒரு யோசனை. இருக்கிற புத்தி சும்மா இருந்தால்தானே! வரிசைப்படுத்தும் பட்டன் ஒன்று உண்டு, வகுப்பில் அவள் காட்டியிருந்தாள். அழுத்தினேன். அது முதல் எழுத்தைப் பார்த்து அல்லவா அடுக்குகிறது! எதுகை இரண்டாம் எழுத்து என்று அந்த மெஷினுக்கு யார் சொல்வது? அத்தனை பிள்ளைகளின் அடிகளும் அகரவரிசையில் கலந்துவிட்டன. பதறிப்போய் மூடினேன். சேமிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்று அதையும் அழுத்தித் தொலைத்தேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்களே — இது குரங்குகூட இல்லை.

அவளிடம் போய் நின்றேன். வேறு வழி? "பேர் போட ஒரு கட்டம் வைக்கலாம்னு சொன்னேன்" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

செப்டம்பர் 18, புதன்

பிள்ளைகளிடம் உள்ளதைச் சொன்னேன். வக்கீலுக்குக் கொண்டாட்டம். "டீச்சரே தப்புப் பண்ணிட்டாங்கடா!" அப்புறம் அவன்தான் வழியும் சொன்னான். ஒவ்வொருத்தர் பாட்டிலும் நாலடிக்கும் ஒரே எதுகைதானே, இரண்டாம் எழுத்தைப் பார்த்துப் பொறுக்கிவிடலாமே! திரையில் அவள் ஒவ்வொரு வரிசையாக வெட்டி ஒட்டினாள். பிள்ளைகள் ஏலம் போடுகிற மாதிரி கத்தினார்கள். 'ண்' எல்லாம் ஒரு பக்கம், 'ல்' எல்லாம் ஒரு பக்கம். தங்கள் அடியைக் கண்டவர்கள் "என்னுது, என்னுது" என்று துள்ளினார்கள். அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். ஜாடை அப்படியே அவர்.

கடைசியில் 'ட்' வரும் அடிகளில் நான்கு மிஞ்சின. யாரும் கை தூக்கவில்லை. முதலில் கண்ணில் பட்டது இது:

விட்டுப் போக மாட்டேன் போடி

மற்ற மூன்றும் தானாக வாயில் வந்துவிட்டன.

"கட்டம் போட்ட குடைக் காரி
முட்டைக் கண்ணு மூக்குக் காரி
தட்டைத் தட்டித் தின்ன வாடி..."

"குடைக்காரி இல்லை டீச்சர், சட்டைக்காரி" என்றாள் முன்வரிசைப் பெண். "நீங்க வராத அன்னைக்குக் கம்ப்யூட்டர் டீச்சர்தான் மாதிரிக்கு டைப் பண்ணிக் காட்டினாங்க."

நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "என் அண்ணன் எனக்குப் பண்ணின பாட்டு. எனக்கு அப்ப ஆறு வயசு. சாப்பிட மாட்டேன்னு அழுதா இதைத்தான் பாடுவான்."

மணி அடித்தது. பிள்ளைகளுக்கு முன்னால் என்ன சொல்ல? புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதே நாள், படுக்கப் போகும் முன்

பாவி மனுஷா! கல்யாணத்துக்கு முன்னால் மழையில் என் கட்டம் போட்ட குடையைப் பார்த்து நின்ற இடத்தில் கட்டினது என்றுதானே சொன்னீங்க? இத்தனை வருஷமும் என் பாட்டு, என் பாட்டு என்று நெஞ்சில் வைத்திருந்தேனே! தங்கச்சி பாட்டில் சட்டையைக் கழற்றிக் குடையைச் செருகி என்னிடம் தள்ளிவிட்டீங்களே. கேட்டுச் சண்டை போடக்கூட ஆள் இல்லை.

சிரிப்பும் வருகிறது. அழுகையும் வருகிறது. மாட்டேன் போடி என்று இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டு இரண்டு பேரையும் விட்டுப் போயாச்சு.

செப்டம்பர் 20, வெள்ளி

வகுப்பு முடிந்து மின்விசிறிகளை அணைத்துக்கொண்டிருந்தேன். அவள் போகாமல் நின்றாள்.

"அந்தக் குடை யாருது?"

சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "திருட்டுப் பய" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று, "ஏன் எனக்குச் சொல்லலை? ஒன்னும் தோணலைன்னு சொல்லாதீங்க. எனக்கு வர்ற ஜுரத்துக்கே ராத்திரி பூரா முழிச்சு இருந்தவங்க நீங்க. உங்களுக்குத் தோணாம இருக்காது" என்றாள்.

இன்னொரு பொய் சொல்ல வாய் வரவில்லை. சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்தது, இப்படிப் பாக்கக் கூடாது என்றது, எல்லாம். அவர் கேட்டுக்கொண்டதைக் காப்பாற்ற முடியவில்லை. மன்னிப்பாரோ என்னமோ.

அவள் அழவில்லை. மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: "இத்தனை மாசமா உங்களைத் திட்டித்தான் தூங்கினேன். அது ஒரு ஆறுதலா இருந்துச்சு. இப்ப நான் யாரைத் திட்டறது?"

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் செய்தது சரியா? சொல்லாமல் இருந்திருக்கலாமோ?

செப்டம்பர் 23, திங்கள்

அவள் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று விடுப்பாம்.

செப்டம்பர் 25, புதன்

இன்றும் வரவில்லை. டேபிள் வகுப்பை நானே எடுத்தேன். ஒரு கட்டத்தை அழிக்கப் போய் ஒரு வரிசையே போய்விட்டது. வக்கீல் வந்து சரி செய்து கொடுத்தான். "கம்ப்யூட்டர் டீச்சர் எப்ப வருவாங்க?" என்று கேட்டான். எனக்குத் தெரிந்தால் சொல்ல மாட்டேனா?

மூன்று தடவை போனை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். அன்றைக்கும் இப்படித்தான் எடுத்து எடுத்து வைத்தேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வாசல் மணி. அவள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. வா என்று சொன்னேனா, சொல்லவில்லையா, நினைவில்லை. என்னைத் தாண்டி நேராக அவர் படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"நான் என்ன கண்ணாடிப் பொம்மையா? பாத்தா உடைஞ்சு போயிடுவேனா? நீ எப்படி இருந்தா எனக்கென்னடா? கடைசியா ஒரு தடவை உன் கையைப் பிடிச்சிருப்பேன்ல? அதைக்கூட எடுத்துக்கிட்டியே! கல்லு மாதிரி இருக்கேன்னு சொன்னியே — பொய்யா! வாயைத் திறந்தாலே பொய்! அந்தம்மாகிட்ட குடைன்னு ஒரு பொய், என்கிட்ட கல்லுன்னு ஒரு பொய்..."

நான் அடுப்படிக்குப் போய்ப் பாலை வைத்தேன். அவள் கத்துவது அங்கேயும் கேட்டது. நான் கேட்க நினைத்ததையெல்லாம் அவளே கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு டம்ளர் எடுத்து வைத்தேன். அவளுக்கு எப்போதும் மூன்று ஸ்பூன், அவர் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வார். மூன்றாவது ஸ்பூனைப் போடப் போகும்போது கூடத்தில் சத்தம் நின்றது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"எனக்குச் சர்க்கரை போடாதீங்க அண்ணி. விட்டுட்டேன்."